பழைய கம்ப்யூட்டரில் பெரிய ஹார்ட் டிஸ்க்: எங்கே தடுக்கிறது, எப்படிச் சரிசெய்வது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பதினைந்து வருடப் பழைய கம்ப்யூட்டர்கள் இன்னும் ஓடுவதற்குக் கஞ்சத்தனம் காரணமல்ல. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ்ஸில் இருக்கும் ஸ்கேனருக்கு விண்டோஸ் எக்ஸ்பியைத் தாண்டி டிரைவர் (கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) கிடையாது. ஸ்டூடியோவில் பழகிய மென்பொருள் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. பெரிய வீடுகளில் ஐயா காலத்து ஆல்பம், பத்திரம் எல்லாம் ஸ்கேன் செய்து அதில்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். இடம் நிரம்பியதும் 2 டிபியோ 4 டிபியோ புதிதாக வாங்கி மாட்டுகிறார்கள். டிஸ்க் தெரிவதில்லை, அல்லது பாதிதான் தெரிகிறது.

செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேராகத் தெரியும். நடுவில் ஒரு கதவைச் சாத்தினால் அதற்கப்பால் எதுவும் தெரியாது. டிஸ்க்கும் இப்படித்தான் மின்சாரம், கேபிள், பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்), டிரைவர், பார்ட்டிஷன் அட்டவணை (டிஸ்க்கை எப்படிப் பிரித்திருக்கிறது என்ற குறிப்பு), விண்டோஸ் என்று வரிசையாக வர வேண்டும். எது சாத்தியிருக்கிறது என்று முன்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு போக வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் கடைசிக் கதவில் ஆரம்பித்து, முதல் வேலையாக ஃபார்மட் போட்டுவிடுகிறார்கள். அதைத் தவிர்க்கத்தான் இந்த வரிசை.

1. தொடங்கும் முன் கையில் வேண்டியவை

பழைய டிஸ்க்கில் உள்ளதற்கு வேறொரு இடத்தில் நகல் வேண்டும். புது டிஸ்க்கை மாட்டத்தானே போகிறோம், பழையதை ஏன் தொட வேண்டும் என்று நினைக்காதீர்கள். பார்ட்டிஷன் போடும் திரையில் இரண்டு டிஸ்க்கும் அடுத்தடுத்து நிற்கும். தவறான வரியில் கிளிக் விழ ஒரு நொடி போதும்.

அப்புறம், இன்டர்நெட் உள்ள இன்னொரு கம்ப்யூட்டர். பாதி வழியில் டிரைவர் தேட வேண்டி வரும். லினக்ஸ் லைவ் (நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) போட்ட ஒரு பென் டிரைவ், அதில் ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் போடும் மென்பொருள் இருக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து பூட் ஆகாத, அதாவது தொடங்காத, அளவுக்குப் பழைய போர்டு என்றால் அதையே சிடியில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவர், ஒரு நல்ல சாட்டா கேபிள், மதர்போர்டில் போடும் சிஆர்2032 செல் ஒன்று. யுபிஎஸ் இல்லாமல் ஆறாவது படிக்குப் போகவே வேண்டாம்.

டிஸ்க்கை இன்னும் வாங்கவில்லை என்றால் நல்லது. அடுத்த இரண்டு படிகளையும் முடித்துவிட்டு வாங்குங்கள்.

2. போர்டு எந்தக் காலத்தது என்று பாருங்கள்

கேபினட்டைத் திறந்து தூசியை ஊதிவிட்டு மதர்போர்டைப் பாருங்கள். அகலமான ரிப்பன் கேபிள் மட்டும் போகிறதென்றால் ஐடிஇ. விரல் அகலம்கூட இல்லாத மெல்லிய கேபிள் என்றால் சாட்டா. இரண்டும் இருந்தால் இடைக்காலத்துப் போர்டு. மாடல் எண் போர்டின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் ஓடுகிறதென்றால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் மாடல், சிப்செட் (போர்டின் முக்கிய சிப்புகள்), பயாஸ் தேதி மூன்றையும் காட்டிவிடும்.

நம் பக்கத்தில் அதிகம் கண்ணில் படுவது ஜி31, ஜி41 சிப்செட் போர்டுகள். இரண்டிலும் டிஸ்க்கைப் பார்த்துக்கொள்வது ஐசிஎச்7 சிப். அதற்கு முந்தைய 865 போர்டில் ஐசிஎச்5, சாட்டா இணைப்பு இரண்டுதான். 845 போர்டில் வெறும் ஐடிஇ. மாடலைத் தெரிந்துகொள்ளாமல் பயாஸ் அப்டேட்டோ டிரைவரோ தேட முடியாது, அதனால்தான் இதை இரண்டாவதாக வைத்தேன்.

விண்டோஸ் பதிப்பையும் பாருங்கள். மை கம்ப்யூட்டர் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் சர்வீஸ் பேக் (விண்டோஸின் திருத்தத் தொகுப்பு) எண் உட்பட இருக்கும். எக்ஸ்பியில் அந்த எண் இல்லையென்றால் டிஸ்க் வேலையை நிறுத்திவிட்டு முதலில் சர்வீஸ் பேக் 3 ஏற்றுங்கள். எதற்கு என்பது நான்காவது படியில்.

3. பூட் ஆகவா, கோப்பு போட்டு வைக்கவா?

இதை முடிவு செய்தாலே பாதி வேலை குறையும். பெரிய டிஸ்க்கிலிருந்தே விண்டோஸ் பூட் ஆக வேண்டுமென்றால் பயாஸுக்கும் அது புரிய வேண்டும். பூட் ஆகும்போது முதலில் டிஸ்க்கைப் படிப்பது பயாஸ்தான். கோப்புகளை வைக்க மட்டும் என்றால், விண்டோஸ் ஏறிய பிறகு டிஸ்க்கைப் படிப்பது விண்டோஸின் சொந்த டிரைவர். பயாஸ் அளவைத் தப்பாகச் சொன்னாலும் பல சமயம் பாதகமில்லை.

என் யோசனை எப்போதும் ஒன்றுதான். பழைய 160 ஜிபி டிஸ்க்கிலோ ஒரு சின்ன எஸ்எஸ்டியிலோ விண்டோஸ் இருக்கட்டும். பெரியது இரண்டாவது டிஸ்க்காக, கோப்புகளுக்கு மட்டும். 2.2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை முழு அளவில் வைத்துக்கொண்டு அதிலிருந்தே விண்டோஸ் பூட் ஆக வேண்டுமென்றால் யுஇஎஃப்ஐ (பயாஸுக்கு அடுத்து வந்த முறை) வசதியுள்ள போர்டு தேவை. அது பரவலானது 2011-க்குப் பிறகு. ஜி31-ஐ வைத்துக்கொண்டு அதற்கு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

எக்ஸ்பியை விட முடியாதவர்கள் 2 டிபி அல்லது அதற்குக் கீழே வாங்குங்கள். கடைக்காரர் "அண்ணே, 4 டிபிக்கும் இதுக்கும் விலையில பெரிய வித்தியாசம் இல்லண்ணே" என்று சொல்வார். விலை உண்மையாகவே இருக்கலாம், ஆனால் 32-பிட் எக்ஸ்பிக்கு அந்த 4 டிபி உதவாது. பெட்டியில் '4கே நேட்டிவ்' என்று போட்ட டிஸ்க்கையும் வாங்காதீர்கள். அது விண்டோஸ் 8-லிருந்துதான் ஓடும். '512இ' என்று போட்டிருந்தால் தாராளமாக வாங்கலாம்.

4. காட்டும் எண்ணைப் படியுங்கள்

ஏற்கெனவே டிஸ்க்கை மாட்டிவிட்டு "குறைவாகக் காட்டுகிறது" என்பவர்கள் இங்கே நின்று நிதானமாகப் படிக்க வேண்டும். எந்தக் கதவு சாத்தியிருக்கிறது என்பதை அந்தக் குறைந்த எண்ணே சொல்லிவிடும்.

முதலில் குறையே இல்லாத குறை. டிஸ்க் கம்பெனிக்கு 1 டிபி என்றால் லட்சம் கோடி பைட். விண்டோஸ் 1024 கணக்கில் வகுப்பதால் அதையே 931 ஜிபி என்று காட்டும். 2 டிபி என்பது 1.81 ஆகவும், 4 டிபி என்பது 3.63 ஆகவும் தெரியும். இது சரியான அளவுதான், யாரும் ஏமாற்றவில்லை.

128 ஜிபி என்று விண்டோஸிலோ, 137 ஜிபி என்று பயாஸிலோ வந்தால் இரண்டும் ஒரே தடைதான். பழைய ஐடிஇ முறையில் செக்டர் (டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டு) எண்ணை எழுத 28 பிட் ஒதுக்கியிருந்தார்கள். அதில் சுமார் 26.8 கோடி செக்டரைத்தான் எண்ண முடியும். ஒன்றுக்கு 512 பைட் என்று பெருக்கினால் 137 ஜிபி. பிறகு வந்த 48 பிட் முறை எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 1-லிருந்துதான் சேர்ந்தது. பழைய எக்ஸ்பி சிடியைப் போட்டு நிறுவும்போது 1 டிபி டிஸ்க் 131 ஆயிரம் சொச்சம் எம்பி என்று தெரிவதற்கும் இதுதான் காரணம்.

746 ஜிபி அல்லது 801 ஜிபி என்று வந்தால் நீங்கள் வாங்கியது 3 டிபி டிஸ்க். செக்டர் எண்ணுக்கு 32 பிட் மட்டும் வைத்திருக்கும் இடத்தில் 2.2 டிபியோடு எண்ணிக்கை முடிந்து மறுபடி பூஜ்யத்தில் தொடங்குகிறது. 3 டிபியில் 2.2 போக மிச்சம் 801 ஜிபி. அதையே விண்டோஸ் தன் கணக்கில் 746 என்கிறது. 4 டிபி டிஸ்க்கில் அந்த மிச்சம் 1.64 டிபி என்று தெரியும்.

தேவகோட்டையில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் 3 டிபி டிஸ்க்கோடு வந்தார். "அண்ணே, 1 டிபி டிஸ்க்குல ஸ்டிக்கரை மாத்தி ஒட்டி ஏமாத்திட்டாங்கண்ணே" என்று ஒரே கோபம். திரையில் 746.5 என்று இருந்தது. 1 டிபி என்றால் 931 அல்லவா வந்திருக்க வேண்டும் என்று கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகுதான் சமாதானமானார். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை, அவர் கம்ப்யூட்டரில் இருந்த ஸ்டோரேஜ் டிரைவர்தான் பழையது.

2 டிபியில் கச்சிதமாக நின்று, மீதி இடம் 'அன்அலொகேட்டட்' என்று கறுப்புப் பட்டையாகத் தெரிந்தால் தடை டிரைவரில் இல்லை. டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய அட்டவணை முறையில் இருக்கிறது. நேராக எட்டாவது படிக்குப் போங்கள்.

33.8 ஜிபி அல்லது 32 ஜிபி என்றால் பழைய ஐடிஇ டிஸ்க்கில் அளவைக் குறைக்கும் ஜம்பர் (ஊசிகளை இணைக்கும் சின்னத் தொப்பி) போட்டிருக்கும். கழற்றுங்கள். கழற்றியதும் பயாஸ் திரையிலேயே கம்ப்யூட்டர் உறைந்து நின்றால் போர்டுக்கு அதற்கு மேல் எண்ணத் தெரியாது. 8.4 ஜிபி என்றால் அந்தப் போர்டுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம்.

டிபி கணக்கில் வாங்கிய டிஸ்க் சில பத்து எம்பி மட்டும் காட்டுவதும் உண்டு. சில போர்டுகள் பயாஸின் நகலை டிஸ்க்கின் கடைசியில் ஒளித்து வைக்கும். அந்த வேலை பிசகினால் டிஸ்க் தன் அளவையே குறைத்துச் சொல்லத் தொடங்கும். லினக்ஸ் லைவில் எச்டிபார்ம் என்ற கருவியால் முழு அளவைத் திரும்பக் கொண்டுவரலாம்.

5. மின்சாரமும் கேபிளும்

ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள். ஆன் செய்ததும் டிஸ்க்கின் ஓரத்தில் விரலை வையுங்கள். சுழல்வது லேசான அதிர்வாகத் தெரியும். அதிர்வே இல்லையென்றால் பயாஸில் தேடிப் பயனில்லை.

புது டிஸ்க் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) சுழலாமல் கிடக்க ஒரு விசித்திரமான காரணம் இருக்கிறது. சாட்டா மின் இணைப்பில் பதினைந்து ஊசிகள். முதல் மூன்றும் முன்பு 3.3 வோல்ட்டுக்கு இருந்தவை. சாட்டா 3.3 விதிமுறையில் மூன்றாவது ஊசியை 'டிஸ்க்கை அணை' என்று சொல்லும் சைகையாக மாற்றிவிட்டார்கள். சர்வருக்கென்று செய்த சில டிஸ்க்குகளிலும், வெளிப்புறப் பெட்டியிலிருந்து பிரித்தெடுத்த சிலவற்றிலும் இது இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் சாட்டா வயரில் ஆரஞ்சு நிற வயர் இருந்தால் அது 3.3 வோல்ட். அந்த மின்சாரம் மூன்றாவது ஊசியில் பட்டுக்கொண்டிருக்கும் வரை டிஸ்க் எழுந்திருக்காது. நான்கு ஊசி மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வயரைப் போடுங்கள். மோலெக்ஸில் மஞ்சள், சிவப்பு, இரண்டு கறுப்பு மட்டும்தான், 3.3 கிடையாது, டிஸ்க் சுழன்றுவிடும். அந்த வயரை வாங்கும்போது முனை பிளாஸ்டிக்கில் உருக்கி ஒட்டியதாக இல்லாமல், வயரைத் தனித்தனியாக அழுத்திப் பிடித்த வகையாகப் பாருங்கள். உருக்கிய வகை உள்ளே ஷார்ட் ஆகிக் கருகுவது உண்டு.

டிஸ்க் 'டக், டக்' என்று தட்டிவிட்டு நின்றால் உடனே டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். மூன்றரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் லைனில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது முடியாமல் போகலாம். டிவிடி டிரைவின் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், அல்லது வேறு எஸ்எம்பிஎஸ் போட்டுச் சோதியுங்கள்.

ஐடிஇ என்றால் ஜம்பர் முக்கியம். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் என்றால் ஒன்று மாஸ்டர், ஒன்று ஸ்லேவ். இரண்டும் மாஸ்டராக இருந்தால் இரண்டுமே தெரியாமல் போகலாம். 80 வயர் கேபிளில் நீல முனை போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு. இந்தக் கேபிள் உள்ளூரில் கிடைக்காவிட்டால் பல்லவன் ரயிலில் சென்னை போகிறவர்களிடம் ரிச்சி தெருவில் வாங்கிவரச் சொல்லுங்கள்.

6. பயாஸில் தெரிகிறதா?

ஆன் செய்ததும் டெலீட் கீயை, சில போர்டுகளில் எஃப்2-ஐ, விட்டுவிட்டு அழுத்துங்கள். முதல் பக்கத்திலேயே டிஸ்க்குகளின் பட்டியல் இருக்கும். அளவு தப்பாக இருந்தாலும் பெயர் வந்தால் போதும். கோப்புகளுக்கான டிஸ்க் என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

பெயரே வரவில்லை, ஆனால் டிஸ்க் சுழல்கிறது என்றால் முதலில் அந்த சாட்டா இணைப்பு 'டிசேபிள்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஐடிஇ என்றால் 'யூசர்' என்ற இடத்தில் முன்பிருந்த டிஸ்க்கின் அளவை யாராவது கையால் பதிந்திருக்கலாம். அதை 'ஆட்டோ' ஆக்குங்கள். 'நார்மல், லார்ஜ், எல்பிஏ' என்று கேட்டால் எல்பிஏ.

அடுத்தது வேகம். முதல் தலைமுறை சாட்டா 1.5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும். புது டிஸ்க் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு இணைய வேண்டும், பெரும்பாலும் இணைந்துவிடும். விஐஏ விடி8237, விடி8237ஆர் போன்ற சில பழைய சிப் உள்ள போர்டுகளில் அந்தப் பேச்சுவார்த்தை நடப்பதில்லை. டிஸ்க்கின் பின்பக்கம், டேட்டா கேபிள் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் எட்டு ஊசிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்கில் 5, 6 ஊசிகளை ஒரு சின்ன ஜம்பரால் இணைத்தால் 1.5-க்கு இறங்கிவிடும். மற்ற கம்பெனி டிஸ்க்கில் லேபிளிலேயே படம் இருக்கும். ஊசியே இல்லாத டிஸ்க் என்றால் பதினோராவது படியில் சொல்லும் கார்டுதான் வழி.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகள் இங்கே நிறைய. வீட்டில் படையல் போடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து திறக்கும்போதுதான் கம்ப்யூட்டருக்கும் கரண்ட். மாதக்கணக்கில் மின்சாரமே இல்லாமல் இருந்தால் போர்டில் உள்ள சிஆர்2032 செல் வேகமாகத் தீர்ந்து, பயாஸ் கம்பெனி வைத்த தொடக்க அமைப்புக்குப் போய்விடும். சாட்டா முறை (போர்டு டிஸ்க்கோடு பேசும் விதம்) ஏஎச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கோ, ஐடிஇ-யிலிருந்து ஏஎச்சிஐ-க்கோ மாறினால் விண்டோஸ் நீலத்திரையில் 7பி என்று முடியும் ஒரு எண்ணைக் காட்டி நின்றுவிடும். "போன தடவை வந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு" என்று வீட்டு ஆச்சி சொல்வது உண்மைதான். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் இதுதான் காரணம். செல்லை மாற்றி, சாட்டா முறையை முன்பு இருந்தபடி வையுங்கள். அந்த அமைப்புகளைச் செல்போனில் படம் எடுத்து, ஒரு தாளில் எழுதிக் கேபினட்டின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

பயாஸ் அப்டேட் கடைசி மருந்து. 137 ஜிபி தடை பயாஸில்தான் என்று உறுதியானால் மட்டும், உங்கள் போர்டின் அதே மாடலுக்கு, அதே ரிவிஷனுக்கு வந்த கோப்பை யுபிஎஸ்ஸில் இருந்தபடி ஏற்றுங்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு போய்விடும். ஐப்பசி மழை நாளில் இதைச் செய்ய வேண்டாம்.

7. டிரைவர், பார்ட்டிஷன் போடுவதற்கு முன்

இந்த வரிசையை மாற்றக் கூடாது. டிரைவர் டிஸ்க்கை 746 ஜிபி என்று நம்பும்போது பார்ட்டிஷன் போட்டால் அட்டவணை அந்தத் தப்பான அளவுக்கே எழுதப்படும். பிறகு டிரைவரைச் சரிசெய்தாலும் டிஸ்க் குழம்பியே இருக்கும், எல்லாவற்றையும் அழித்து மறுபடி தொடங்க வேண்டும்.

டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர் என்ற தலைப்பைத் திறந்து, எந்த டிரைவர் ஓடுகிறது என்று பாருங்கள். இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் என்றால் பதிப்பு எண் 10.1 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் புதியதை ஏற்றுங்கள். உங்கள் போர்டுக்குப் புதியது கிடைக்கவில்லை என்றால், அந்த டிரைவரை நீக்கிவிட்டு விண்டோஸ் 7-ன் சொந்த டிரைவரிலேயே ஓட்டலாம். ஜி31 போர்டில் விண்டோஸின் சொந்த டிரைவரே 2.2 டிபிக்கு மேல் ஒழுங்காகக் காட்டும்.

ரீஸ்டார்ட் செய்து, மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், மேனேஜ், டிஸ்க் மேனேஜ்மென்ட். அங்கே முழு அளவு வந்துவிட்டதா? வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

8. இனிஷியலைஸ்: எம்பிஆரா, ஜிபிடியா?

புது டிஸ்க் என்றால் விண்டோஸ் தானே ஒரு பெட்டியைத் திறந்து எம்பிஆரா ஜிபிடியா (அட்டவணையின் பழைய முறையா, புதிய முறையா) என்று கேட்கும். எம்பிஆர் அட்டவணையில் செக்டர் எண்ணுக்கு 32 பிட், அதாவது சுமார் 429 கோடி செக்டர், 2.2 டிபி. அதற்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் ஜிபிடிதான். 2 டிபி அல்லது அதற்குக் கீழே என்றால், பழைய கம்ப்யூட்டருக்கு எம்பிஆரே நிம்மதி. எக்ஸ்பியிலும் படிக்கும்.

விஸ்டாவும் அதற்குப் பிந்தைய விண்டோஸ்களும் கோப்புகளுக்கான ஜிபிடி டிஸ்க்கைப் பழைய பயாஸ் போர்டிலும் படித்துவிடும். யுஇஎஃப்ஐ இல்லாமல் ஜிபிடி முடியவே முடியாது என்று சொல்வது பூட் டிஸ்க்குக்குத்தான் பொருந்தும். 32-பிட் எக்ஸ்பி மட்டும் ஜிபிடியைப் படிக்காது. டிஸ்க் மேனேஜ்மென்டில் 'ஜிபிடி புரொடெக்டிவ்' என்று ஒரே பட்டையாகக் காட்டும். உள்ளே கோப்புகள் பத்திரமாக இருக்கும், எக்ஸ்பிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தப் பட்டையை அழிக்க முயல வேண்டாம்.

இனி மிக முக்கியமானது. வேறு கம்ப்யூட்டரில் கோப்புகள் ஏற்றிக் கொண்டுவந்த டிஸ்க்கை மாட்டும்போது இதே 'இனிஷியலைஸ்' பெட்டி வந்தால் கேன்சல் கொடுங்கள். ஓகே கொடுத்தால் இருக்கும் அட்டவணையின் மேல் புதியதை எழுதிவிடும். சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய டிஸ்க், உள்ளே பேரன் படங்கள், ஓகே கொடுத்ததும் காலி என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். மீட்கலாம், ஆனால் நாளும் பணமும் ஆகும்.

9. பார்ட்டிஷனும் ஃபார்மட்டும்

விண்டோஸ் 7 அல்லது பிந்தையது என்றால் அன்அலொகேட்டட் பட்டையில் ரைட் கிளிக் செய்து, நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ், குவிக் ஃபார்மட். முடிந்தது.

எக்ஸ்பியில் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்றைய டிஸ்க்குகள் உள்ளுக்குள் 4096 பைட் துண்டுகளாகத்தான் எழுதுகின்றன. எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை 63-வது செக்டரில் தொடங்கும். அது எட்டால் வகுபடாத எண், எனவே ஒவ்வொரு முறை எழுதுவதும் இரண்டு துண்டுகளின் மேல் விழுந்து டிஸ்க் மந்தமாகிவிடும். பார்ட்டிஷனை விண்டோஸ் 7-லோ லினக்ஸ் லைவில் உள்ள ஜிபார்ட்டெட்டிலோ போட்டுவிட்டு, பிறகு எக்ஸ்பியில் மாட்டுங்கள். அவை 2048-வது செக்டரில் தொடங்கும். எக்ஸ்பியில் ஃபார்மட் செய்யலாம், பார்ட்டிஷனை மட்டும் அழித்துப் புதிதாகப் போடக் கூடாது. இதற்கென்று சில வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்குகளில் 7, 8 ஊசி ஜம்பர் உண்டு. ஜிபார்ட்டெட்டில் போட்டிருந்தால் அந்த ஜம்பரைப் போடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் கணக்கு மறுபடி தவறும்.

10. எல்லைக்கு அப்பால் எழுதிப் பாருங்கள்

முழு அளவு தெரிந்துவிட்டது என்று பழைய கோப்புகளை உடனே நகர்த்திவிடாதீர்கள். அளவு தெரிவது ஒன்று, அந்தக் கடைசி வரை எழுதி, திரும்பப் படிக்க முடிவது இன்னொன்று. டிரைவரோ கன்ட்ரோலரோ 28 பிட் வரைதான் எண்ணும் என்றால், 137 ஜிபியைத் தாண்டி எழுதுவது சுற்றி வந்து டிஸ்க்கின் தொடக்கத்தில் விழும். தொடக்கத்தில் இருப்பது பார்ட்டிஷன் அட்டவணை. சில வாரம் நன்றாக ஓடிவிட்டு, ஒரு நாள் திடீரென்று 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்பதன் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

காலி டிஸ்க்கில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். முழு இடத்தையும் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். நேரம் பிடிக்கும்: நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 2 டிபியை எழுத மட்டும் ஐந்தரை மணி நேரம், படிக்க இன்னொரு ஐந்தரை. இரவு ஓட்டிவிட்டுக் காலையில் பாருங்கள். பிழையில்லை என்று வந்த பிறகு ரீஸ்டார்ட் செய்து டிஸ்க் மறுபடி சரியாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குப் பிறகு கோப்புகளை ஏற்றலாம்.

11. எதுவும் ஒத்துவரவில்லை என்றால்

பிசிஐ இடத்தில் மாட்டும் சாட்டா கார்டு ஒரு நல்ல வழி. அதற்கென்று தனி பயாஸ் இருக்கும், போர்டின் பயாஸ் எவ்வளவு பழையதானாலும் டிஸ்க்கை அது பார்த்துக்கொள்ளும். போர்டில் சின்ன பிசிஐ எக்ஸ்பிரஸ் இடம் இருந்தால் அந்த வகைக் கார்டே மேல். பழைய பிசிஐ மொத்தமே நொடிக்கு 133 எம்பி, அதையும் மற்ற கார்டுகளோடு பங்கிட வேண்டும்.

இன்னொன்று யுஎஸ்பி பெட்டி. பயாஸ் சிக்கல் எதுவும் வராது. ஆனால் பழைய கம்ப்யூட்டரில் யுஎஸ்பி 2 என்றால் நொடிக்கு 30 எம்பி கிடைப்பதே நல்லது. 1 டிபி நகலுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்டூடியோ வேலைக்கு ஒத்துவராது, வீட்டு ஆல்பத்துக்குப் போதும்.

பெட்டி வாங்கும்போது எத்தனை டிபி வரை தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், பழைய பெட்டிகள் 2 டிபியில் நின்றுவிடும். சில பெட்டிகள் 2.2 டிபி தடையைத் தாண்டுவதற்காக 512 பைட் செக்டரை 4096 என்று மாற்றிச் சொல்லும். அதனால் எக்ஸ்பியில்கூட 3 டிபி முழுசாகத் தெரியும். ஆனால் அப்படி ஏற்றிய டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டருக்குள் நேராக மாட்டினால் உள்ளே எதுவுமே தெரியாது, 'இனிஷியலைஸ்' செய்யவா, 'ஃபார்மட்' செய்யவா என்றுதான் கேட்கும். கேன்சல் கொடுத்துவிட்டு அதே பெட்டியில் திரும்பப் போட்டால் கோப்புகள் வந்துவிடும். உள்ளே மாட்ட வேண்டுமென்றால், கோப்புகளை வேறிடத்துக்கு நகல் எடுத்துவிட்டு எட்டாவது படியிலிருந்து மறுபடி செய்யுங்கள்.